பாலுசாமி அண்ணன் சொன்ன ‘பாக்கலாம்’

எங்கள் கணபதி ஏரியாவில் பாலுசாமி அண்ணனுக்கு எதிரி என்று ஒருவர்கூடக் கிடையாது. இது பெரிய குணம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. இந்த மனுசர் யாரிடமாவது ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால்தானே எதிரி கிடைப்பதற்கு?

நான் அவருக்கு அடுத்த காம்பவுண்டில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பெயர் கிருபாசங்கர். துருப்பிடித்த இரும்பைச் சுரண்டிச் சாயம் ஏற்றிப் பிழைக்கிறவன். பாலுசாமி அண்ணன் லேத்துக்காரர். மோட்டார் பம்புகளுக்கு சாப்ட் என்கிற தண்டு கடைந்து கொடுப்பார். வேலையில் சுத்தம், பேச்சில் அதைவிடச் சுத்தம். அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு சொல் இருந்தது. ‘பாக்கலாமுங்க.’

எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கோயில் நோம்பிக்கு வரி கேட்டு வருகிறவர், பெண்ணுக்கு ஜாதகம் கொண்டுவருகிறவர், பழைய லேத்தை விலைக்குக் கேட்கிறவர், யாராக இருந்தாலும் ‘பாக்கலாமுங்க’ என்று காதில் விழுந்ததும் காபியைக் குடித்து முடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை இல்லை. சொல்கிறவருக்கும் சங்கடம், கேட்கிறவருக்கும் தலைகுனிவு. அதனால் இந்த ஏற்பாடு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்க வந்தான். பாவம், அவனுக்கு இந்த பாஷை புரியவில்லை. அண்ணன் ‘பாக்கலாமுங்க’ என்று சொன்னதை நம்பி வாராவாரம் வந்துகொண்டிருந்தான். கடைசியில் அண்ணனின் சம்சாரம் தெய்வானை அக்காதான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “கண்ணு, அவரு வேண்டாம்னுதான் சொல்றாரு. நீ பெட்ரோல் செலவு பண்ணாத” என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

அக்காவைப் பெண் பார்க்கப் போன கதையையும் அக்காவே சொல்லிச் சிரிப்பார். “மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்களா?” என்று அக்காவின் அப்பா கேட்க, வெட்கத்தில் இவர் வாய் பழக்கதோஷமாக “பாக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டது. அந்த மனுசர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்துப் பதறி, “அய்யோ, இது நெசமான பாக்கலாமுங்க” என்றாராம். அதிலேயே அக்கா விழுந்துவிட்டாராம்.

நாங்கள் எல்லாம் இதை வைத்து அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் இருந்தோம். அந்த வார்த்தை ஒரு ஆளை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பது இந்த வருசம் தெருவில் சாக்கடைக் கால்வாய் தோண்ட வந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வீட்டுப் பக்கவாட்டில், பாதி அவர் இடத்திலும் பாதி தெருவிலுமாக ஒரு பழைய டாட்டா 407 நிற்கிறது. நாலு நாட் ஏழு என்று சொல்வோமே, அந்தச் சின்ன லாரிதான். நெற்றியில் ‘பழனாத்தாள்’ என்று அவர்கள் அம்மா பெயர். இப்போது அதில் கடைசி எழுத்துகள் உரிந்து ‘பழனா’ மட்டும்தான் மிச்சம். மேலே ஒரு தகரக் கூரை. அதுவும் ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் நேராக வண்டிக்குள்தான் இறங்கும்.

அவர்கள் ஊர் அன்னூருக்கு அக்கட்டால, அதைத் தாண்டி அந்தப் பக்கம். கிணறு வற்றியதும் அப்பா தோட்டத்தில் பாதியை விற்று, பெரியவனுக்கு லேத்து, சின்னவனுக்கு லாரி என்று வாங்கிக் கொடுத்து இரண்டு பேரையும் கணபதிக்கு அனுப்பினார். சின்னவர் பெயர் காளிச்சாமி. வண்டி தம்பிக்கு என்றாலும் ஆர்.சி. புத்தகம் அண்ணன் பெயரில். எங்கள் பக்கத்தில் அப்படித்தான், மூத்தவன் பெயரில் இருந்தால் குடும்பத்தின் பெயரில் இருக்கிற மாதிரி. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

காளிச்சாமி அந்த வண்டியை ஓட்டின அழகை நான் பார்த்திருக்கிறேன். பவுண்டரியிலிருந்து காஸ்டிங் ஏற்றிக்கொண்டு, இரண்டு சைக்கிள் ஒதுங்கவே யோசிக்கிற எங்கள் சந்துக்குள் ரிவர்ஸில் வருவார். சுவரில் ஒரு கீறல் விழாது. லோடு இறக்கியதும் கேபினைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். பெண்டாட்டி சாந்தாமணிகூட, “என்னைய விட அதத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு” என்று சொல்லும்.

ஒரு நாள் கருமத்தம்பட்டி தாண்டி வரும்போது காளிச்சாமிக்குத் தலை சுற்றிவிட்டது. வண்டி சென்டர் மீடியனில் ஏறி நின்றது. நல்ல வேளை, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை, அவருக்கும் அடியில்லை. பம்பர்தான் வளைந்தது. வண்டியை இழுத்துவந்து வீட்டோரம் நிறுத்தினார்கள். சர்க்கரை என்று பேச்சு.

அன்றைக்கே பாலுசாமி அண்ணன் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி தம்பி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால் ஒரு நாள் பிணமாகத்தான் வருவான். இதை என்னிடம் சொன்னார், அக்காவிடம் சொன்னார். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை.

காளிச்சாமி வந்து, “பம்பரை நிமித்திப்போட்டு எப்.சி. காட்டிட்டா எடுத்தர்லாமுங்ணா” என்றார். வண்டி அண்ணன் பெயரில், அவர் கையெழுத்து இல்லாமல் அந்தத் தகுதிச் சான்றும் கிடைக்காது, வண்டியும் நகராது.

“பாக்கலாம் தம்பி” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். தீபாவளிக்கு மேல் தீபாவளி போனது. வீட்டில் சோறு பொங்க வேண்டுமே, காளிச்சாமி சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். கோவில்பாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடும்பத்தோடு போய்விட்டார். ஆனால் நோம்பி நொடி என்று வருகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி உண்டு. “வண்டி என்னாச்சுங்ணா?” அந்த பதிலும் உண்டு. “பாக்கலாம் கண்ணு.”

அண்ணனுக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. உறுத்தல் இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். வண்டி நிற்கிற பக்கம் ஜன்னலைத் திறக்கவே மாட்டார். பட்டறைக்கு அந்தப் பக்கமாக வந்தால் பத்தடி. அதை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு வருவார். தம்பி வந்தால் போதும், அரிசிச் சிப்பம் என்ன, வாழைத்தார் என்ன, புது வேட்டி என்ன, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு காளிச்சாமி பஸ் ஏறுவார். “எங்கண்ணனாட்ட யாரு செய்வாங்க?” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சுருங்க, எத்தன நாளைக்கு இப்படி மென்னு முழுங்குவீங்க?” என்று கேட்டால், “அவன் மூஞ்சி வாடிருமுங்க கிருபா. என்னால அதப் பாக்க முடியாது” என்பார்.

இந்தச் சமயத்தில்தான் கால்வாய் வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் அள்ளுகிற மிஷினால் தள்ளிவிடுவோம் என்று காண்ட்ராக்டர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவனிடமும் அண்ணன் “பாக்கலாமுங்க” என்றார். அவன் வடக்கத்திப் பையன், அவனுக்குத் தமிழே பாதிதான் தெரியும்.

உக்கடம் பஷீர் பாய்க்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, மறுநாளே வந்துவிட்டார். பழைய வண்டிகளை எடைக்கு எடுத்து உடைக்கிறவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, “என்னங்க, போட்டுர்லாங்களா?” என்றார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். “ஏனுங்க, இதையாச்சும் ஒரு முடிவா சொல்லிப்போடுங்க. ரெடி பண்ணுறதுன்னா பண்ணுங்க, போடறதுன்னா போடுங்க. கொழுந்தனாருக்கு நாம என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியல.”

எனக்கும் பொறுக்கவில்லை. வண்டி தேறுமா தேறாதா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று, எனக்குத் தெரிந்த, லாரிக்கு பாடி கட்டுகிற ஜாவித்தை அன்று மத்தியானமே வரவழைத்துவிட்டேன். நல்ல வேலைக்காரர். பூசி மெழுகத் தெரியாத ஆள். அதனால்தான் கூப்பிட்டேன்.

ஜாவித் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கேபின் தரை, கதவின் அடி, படிக்கட்டு எல்லாம் தொட்டால் உதிர்ந்தது. அது பரவாயில்லை, தகடு வெட்டி ஒட்டலாம். பின் சக்கரத்துக்கு மேலே, வண்டியையே தாங்குகிற சேஸிஸ் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. இன்னும் இரண்டு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் போனது. கூரை ஓட்டையிலிருந்து தண்ணீர் விழுகிற இடம் அது.

“சேஸிஸ் போச்சுங்ணா” என்றார் வெளியே வந்து. “கலர் அடிச்சு, கண்ணுக்கு அழகா நிறுத்தறதுன்னா நான் பண்ணித் தாரேன். லோடு ஏத்த முடியாது. எப்.சி.யும் குடுக்க மாட்டாங்க. நிறுத்துன புதுசுலயே கூப்புட்டிருந்தா, ஏன், ரெண்டு மூணு மழைக்கு முன்னாடி கூப்புட்டிருந்தாக்கூட காப்பாத்தியிருக்கலாம்.”

 அண்ணன் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்ல வேண்டாம், பழியை மழை மேல் போட்டுவிடலாம். மனுச மனம் எப்படியெல்லாம் இடுக்கு தேடும் பாருங்கள்.

ஜாவித் விடவில்லை. என்ஜினையும் பார்த்துவிடலாம் என்று பானட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். “இது யாருங்க பாத்துக்கறது?”

என்ஜினில் துரு இல்லை. காற்று போகிற வாயில் புதுப் பாலிதீன் கவரைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. எலி நுழையக்கூடிய சந்திலெல்லாம் துணியை அடைத்திருந்தது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் தேன் நிறத்தில் புது ஆயில். ஜாவித் பெரிய ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றினார். இத்தனை வருசம் நின்ற என்ஜின் இறுகிப்போயிருக்க வேண்டும். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“கொழுந்தனாரு வர்றப்பெல்லாம் சாப்புட்டுப்போட்டு அந்தப் பக்கம் போயி நிப்பாருங்க” என்றார் அக்கா மெதுவாக. “வண்டியப் பாக்கறாராட்ட இருக்குதுன்னு நானும் உட்டுருவேன். ஒருக்கா ஆயில் டப்பாவோட வந்தாரு. கேட்டதுக்கு, ‘எப்ப எடுக்கச் சொல்லி அண்ணன் சொல்றாரோ, அப்ப ரெடியா இருக்கோணுமில்லீங்க அண்ணி’ன்னாரு.”

அண்ணன் அங்கேயே, மண்ணில், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “ஜாவித், என்ன ஆனாலும் செரி, இத ரெடி பண்ணிருங்க. வேற சேஸிஸ் வாங்கிப் போடுங்க. ரெடி பண்ணிருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜாவித் பொறுமையாக, வேறு சேஸிஸ் போட்டால் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்குப் பிறகு அது இந்த வண்டியே இல்லை என்று விளக்கினார். அண்ணன் காதில் அது ஏறவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யாருக்காகங்ணா ரெடி பண்ணுறீங்க? தம்பிக்கா, உங்களுக்கா? நீங்க அவரை ஓட்ட உடப் போறீங்களா, சொல்லுங்க?” என்று கேட்டேன்.  கலர் அடித்து வாசலில் நிறுத்தி, தம்பியிடம் காட்டி, இன்னும் கொஞ்ச வருசம் ‘பாக்கலாம்’ என்று தள்ளுவதற்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது அவருக்கு. அதைச் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று இருந்தது.

“என்னைய கோவில்பாளையம் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் அவர்.

என் பைக்கில்தான் போனோம். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஜிலேபியும் மிக்சரும் வாங்கினார். மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த அந்த மனுசர், சத்தி ரோடு முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

காளிச்சாமி நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்து, பனியனோடு வாசலில் நின்றிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. “வாங்ணா, வாங்க, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சாந்தாமணி தண்ணீர் கொண்டுவந்தது. எல்லாரும் சவுக்கியமா என்ற பேச்சு முடிந்தது. அண்ணன் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டிய ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுக்கச் சொல்லிட்டாங்க தம்பி. கால்வாய் தோண்டறாங்க.”

“அப்படிங்களா?” காளிச்சாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “அப்ப எப்படியும் வெளிய எடுத்தாகோணும். ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டிர்லாமுங்ணா. என்ஜினப் பத்திக் கவலப்படாதீங்க. அது ஸ்டார்ட் ஆயிரும்.”

“பாக்க…” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

எனக்கு அவர் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. நல்ல வேளையாக அந்தச் சொல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் காளிச்சாமியின் முகத்தைப் பார்த்தார். எந்த முகம் வாடிவிடும் என்று இத்தனை வருசம் பயந்தாரோ அந்த முகம் அவ்வளவு ஆசையோடு எதிரில் இருந்தது.

“இல்ல தம்பி” என்றார். “வண்டி முடிஞ்சுபோச்சு. சேஸிஸ் ஓட்ட. ரெடி பண்ண முடியாதுங்கறாங்க. மழை பண்ணுனதுன்னு சொல்லலாம். ஆனா நான் பண்ணுனதுதான். உனக்கு வண்டியக் குடுக்கற எண்ணம் எனக்கு மொதல்ல இருந்தே இல்ல கண்ணு. நீ மயங்கி உளுந்தன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எங்க போயி எதுல மோதிக்குவியோன்னு பயம். சொல்ல வாய் வரல.”

 காளிச்சாமிக்குப் புரிய நேரம் பிடித்தது. கணக்குப் போடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க பாக்கலாம்னு சொன்னீங்களேங்ணா” என்றார்.

“சொன்னேன்.”

“அது வெளியாளுக்குச் சொல்றதுங்ணா.” குரல் உயரவில்லை. “வரி கேக்க வர்றவனுக்குச் சொல்றது. எனக்கும் அதையேவா சொன்னீங்க?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் முழுக்கத் தெரிந்த அர்த்தம் காளிச்சாமிக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு அதுவரை ஆச்சரியமாகத்தான் இருந்தது. அவருக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு ஆளுக்குச் சொன்னால் வேறு அர்த்தம் என்று நம்பியிருக்கிறார். கூடப் பிறந்தவனிடம் யாராவது மரியாதைக்காகப் பொய் சொல்வார்களா என்று நினைத்திருக்கிறார். அண்ணன்காரர் மாமனாரிடம் ஒரு காலத்தில் சொன்னாரே, நெசமான பாக்கலாம், அதுதான் தனக்குக் கிடைத்தது என்று இருந்திருக்கிறார்.

சாந்தாமணி அதுவரை கதவோரம் நின்றிருந்தது. “காலேஜ் பஸ்ஸு ஓட்டறதுக்குக் கூப்புட்டாங்களுங்க மாமா” என்றது. “நல்ல வேலைங்க. பகல் வேலை. ‘எங்க அண்ணன் வண்டிய ரெடி பண்ணிட்டு இருக்காரு, பாதியில உட்டுட்டு வந்தா நல்லாருக்காது’ன்னு இவரு வேண்டாம்னுட்டாருங்க. மில்லு பஸ்ஸுக்கும் அப்படித்தான். டாக்டரு அன்னைக்கே சொல்லிட்டாருங்க, மாத்திரை போட்டுட்டு சாப்புடாம ஓட்டுனதுனாலதான் மயக்கம், நேரத்துக்குச் சாப்புட்டா ஓட்டலாம்னு. வருசா வருசம் செக்கப் பண்ணிட்டுத்தான் இருக்காரு.”

“நீ சும்மா இரு” என்றார் காளிச்சாமி.

“எங்கிட்டச் சொல்லவேயில்லையே தம்பி” என்றார் அண்ணன்.

“நீங்க கேக்கவேயில்லீங்களேங்ணா.”

 அண்ணன் ஏதேதோ சொல்லப் பார்த்தார். வேறு வண்டி எடுத்துத் தருகிறேன், பட்டறைக்கு வந்துவிடு, குட்டி யானை மாதிரி ஒரு சின்ன லோடு வண்டி பார்க்கலாம் என்றார். பாதியில் அந்தச் சொல் தன் வாயில் வந்ததைத் தானே கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். காளிச்சாமி எழுந்து உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காபி வந்தது. டம்ளரை டவராவில் வைத்து இரண்டு கையாலும் அண்ணனுக்குக் கொடுத்தார். “சக்கரை போதுங்களா?” என்று கேட்டார். கிளம்பும்போது தெரு முனைவரை வந்து நின்று, “பாத்துப் போங்க” என்றார். ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவர்களை எப்படி நடத்துவோமோ, அப்படி நடத்தினார். ஒரு குறை சொல்ல முடியாது.

“அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாமுங்க” என்றார் அண்ணன் வரும் வழியில். பைக் சத்தத்தில் எனக்குக் கேட்காத மாதிரியே வந்தேன்.

சனிக்கிழமை அண்ணன் பட்டறையைத் திறக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. அவராகப் போட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. வண்டிப் பக்கத்து ஜன்னலை மட்டும் அன்றைக்குத் திறந்து வைத்தார். அக்கா சொன்னார், ராத்திரி சாப்பிடவில்லையாம். “நான் கொன்னுபோட்டேன் அவன் பொழப்பை. பாசம்னு நெனச்சுக்கிட்டு கொன்னுபோட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஷீர் பாய் இழுவை வண்டியோடும் ஆட்களோடும் வந்தார். அண்ணன் அவரிடம் “எடுத்துக்கங்க பாய்” என்று சொன்னார். சுற்றி வளைக்காமல் அவர் சொன்ன இரண்டாவது பேச்சு அது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சங்கிலியை மாட்டுகிற நேரத்தில் காளிச்சாமி வந்தார். டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார், வாட்ச்மேன் யூனிபார்ம் உடம்பில். தோளில் ஒரு சாக்குப்பை, உள்ளே ஸ்பேனர்கள். பின்னாலேயே ஒரு குட்டி யானை வந்து நின்றது.

“பாய், என்ஜின் எடைக்கு இல்லீங்க” என்றார். “நல்ல என்ஜின். எங்கூரு பக்கம் ஒரு தோட்டத்துக்காரரு தேங்கா மட்டை அரைக்கற மிஷினுக்குக் கேட்டுட்டு இருக்காரு. நான் கழட்டித் தாரேன், மீதிய நீங்க எடுத்துக்கங்க.” பஷீர் பாய் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.

என் பட்டறையிலிருந்து பாரம் தூக்குகிற சங்கிலி பிளாக்கைக் கொண்டுவந்து கொடுத்தேன். காளிச்சாமி யூனிபார்ம் சட்டையைக் கழற்றி, மடித்து, மதில் மேல் வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். கட்டியிருந்த பாலிதீன் கவரை அறுத்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எந்த போல்ட் எங்கே என்று கலந்துபோகாமல் தனித்தனியாகத் தகரத்தில் வைத்தார்.  அக்கா கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தார், சாப்பிடக் கூப்பிட்டதற்கு “வாரேங்க அண்ணி, கை கழுவிட்டு” என்று அவரிடம் மட்டும் சிரித்த முகமாகச் சொன்னார்.

பாலுசாமி அண்ணன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்பேனர் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டினார். காளிச்சாமி அதை வாங்காமல், தானே குனிந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். என்ஜின் சங்கிலியில் தொங்கி மெதுவாக மேலே எழும்பியபோது ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் ஓடிப்போய் இரண்டு கையாலும் தாங்கினார். வெள்ளை வேட்டியெல்லாம் ஆயில்.

“நான் புடிக்கறேன் தம்பி. நீ சங்கிலியப் பாரு.”

“வேண்டாமுங்ணா” என்றார் காளிச்சாமி.

“கனம் கண்ணு. ஒருத்தனா முடியாது. சித்த நேரம் நான் புடிச்சுக்கறேன்.”

காளிச்சாமி நிமிர்ந்து அண்ணனை நேராகப் பார்த்தார். கோபமில்லை அந்த முகத்தில். குரலும் தணிந்துதான் இருந்தது.

“வேண்டாமுங்ணா. கைய எடுத்துக்கங்க.”

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். நானும் பஷீர் பாயின் ஆள் ஒருவனும் இரண்டு பக்கம் பிடித்தோம். என்ஜின் குட்டி யானையில் இறங்கியது. அதைக் கயிறு போட்டுக் கட்டி முடிக்கிறவரைக்கும் பாலுசாமி அண்ணன் ஆயில் கையைத் துடைக்காமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.